இரண்டு விரல் அறிவு

எங்கள் வீட்டில் குக்கர் பருப்புக்கு மட்டும்தான். சோறு இன்றைக்கும் வடிப்பதுதான். உலை கொதித்து அரிசி புரள ஆரம்பித்ததும் அம்மா கரண்டியில் நாலு பருக்கை அள்ளி, ஊதி, ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குவார். உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி நின்றால் இன்னும் கொஞ்சம் வேகவேண்டும். மாவாக மசிந்தால் கைமீறிவிட்டது, அவசரமாக வடிக்கவேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழமொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்தச் சங்கதிதான். இதே செய்கை பாலி நூல்களில் ஒரு ஏளனப் பேச்சாக இருக்கிறது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சோமா என்ற பிக்குணியைப் பற்றிய பகுதி அது. ராஜகிருகத்தில் பிம்பிசாரனின் புரோகிதருக்கு மகளாகப் பிறந்தவர் என்று உரை சொல்கிறது. சாவத்திக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு மரத்தடியில் பகல் தியானத்துக்கு அமர்ந்திருக்கிறார். தியானத்தைக் கலைக்கிற மாரன் வருகிறான். முனிவர்கள் அரும்பாடுபட்டு எட்டுகிற இடத்தை இரண்டு விரல் அறிவுள்ள பெண்ணால் எட்டமுடியாது என்கிறான். அதென்ன இரண்டு விரல் அறிவு? பழைய உரைகாரர் விளக்குகிறார்: பெண்கள் ஏழெட்டு வயதிலிருந்தே சோறு சமைக்கிறார்கள். இருந்தும் வெந்துவிட்டதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரியாது. எடுத்து இரண்டு விரலால் நசுக்கித்தான் தெரிந்துகொள்வார்கள். சோமா அசரவில்லை. மனம் ஒருமைப்பட்டு, தருமத்தை உள்ளபடி காண்கிறவளுக்குப் பெண் என்பது என்ன தடை? நான் பெண், நான் ஆண் என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவரிடம் போய்ப் பேசு என்கிறார். மாரன் வாடிய முகத்தோடு மறைந்துவிடுகிறான்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். "பாக்காம எப்படித் தெரியும்? பழைய அரிசி ஒரு மாதிரி வேகும், புது அரிசி ஒரு மாதிரி வேகும். அவன் ஒரு நாளாவது உலை வச்சிருக்கானா?" மாரன் என்னவோ எதிர்வீட்டுக்காரன் மாதிரி. சோமாவின் பதில் உயர்ந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அம்மா பிடித்த இடம் வேறு. பார்த்த மாத்திரத்தில் சொல்வதுதான் அறிவு, தொட்டுப் பார்த்துச் சொல்வது அறிவுக் குறைவு என்று யார் முடிவு செய்தது? கேள்விப்பட்டதை அப்படியே ஏற்காதீர்கள், நீங்களே அறிந்து பாருங்கள் என்று காலாமர் என்ற குலத்தாரிடம் சொன்ன புத்தரின் வழிவந்த உரைகாரருக்குப் பருக்கையை நசுக்கிப் பார்ப்பது எப்படி இளக்காரமாகப் பட்டது? அவர் நேரத்துக்கு வந்து சேரும் பிச்சைச் சோற்றை உண்டவர் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

சில வருடங்களுக்கு முன் அனுராதபுரம் போயிருந்தேன். வவுனியாவிலிருந்து கார், ஓட்டி வந்தவர் தமிழ் பேசும் இளைஞர். ஸ்ரீ மகாபோதி மரத்தைச் சுற்றிய மணல் முற்றத்தை, மழித்த தலையும் வெளிர்மஞ்சள் ஆடையுமாக ஒரு வயதான அம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். பிக்குணியா என்று கேட்டேன். "பிக்குணி இல்லை அக்கா. சில் மேணியோ. பத்துச் சீலம் எடுத்தவ" என்றார் ஓட்டுநர். வித்தியாசம் என்ன என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹாமதுருமாரைப் போல இல்லை" என்றார். ஹாமதுரு என்றால் பிக்கு. அந்த மரத்தின் கிளையைக் கப்பலில் கொண்டுவந்தவர் அசோகனின் மகள் சங்கமித்தை. அவர் பிக்குணி. கூட வந்த பதினொருவரும் பிக்குணிகள். மரம் 2,200 வருடங்களுக்கு மேலாக நிற்கிறது. அதன் கீழே கூட்டுகிறவரை அவர்கள் பெயரால் கூப்பிட முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் இது என்னை விடவில்லை.

இளையள், வளையோள்

பௌத்தம் பெண்ணுக்கு இடம் கொடுத்த மதம் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். தமிழில் அதற்கு மணிமேகலையைக் காட்டுவோம். நானும் வகுப்பில் காட்டியவள்தான். கணிகை குலத்தில் பிறந்த பெண்ணை நாயகியாக்கி, கையில் அமுதசுரபியைக் கொடுத்து, சிறைச்சாலையையே அறக்கோட்டமாக்கிக் காட்டிய காப்பியம். ஆனால் வஞ்சி மாநகர் புக்க காதையில் ஓர் இடம் உண்டு. அங்கே கோயிலில் தெய்வமாக நிற்கும் கண்ணகி மணிமேகலையிடம் சொல்கிறாள்: "இளையள் வளையோள் என்றுனக்கு யாவரும் விளைபொருள் உரையார்." சின்னப் பெண், கையில் வளை போட்டவள் என்று எண்ணி உனக்கு யாரும் உண்மைப் பொருளைச் சொல்லமாட்டார்கள், ஆகவே வேற்றுருக் கொள். மணிமேகலை மந்திரத்தை ஓதி ஆண் துறவியாக மாறுகிறாள். அந்த உருவத்தோடுதான் சமயக் கணக்கர்களிடம் போய் ஒவ்வொருவராகக் கேட்கிறாள்.

பல வருடம் இந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு மந்திரம், ஒரு மாயம், காப்பியத்தில் இதெல்லாம் சகஜம் என்று. இப்போது படித்தால், சொல்வது கண்ணகி என்பதுதான் உறைக்கிறது. பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்போடு தன் உருவத்திலேயே நின்று வழக்குரைத்து வென்றவள். அவளுக்கே தெரிந்திருக்கிறது, அரசனிடம் நீதி கேட்கலாம், பண்டிதர்களிடம் பாடம் கேட்கமுடியாது என்று.

இதற்கு நேர் எதிரில் இன்னொருத்தி இருக்கிறாள், அவளை நாம் பாதி தொலைத்துவிட்டோம். குண்டலகேசி. தமிழ்க் காப்பியம் போய் ஒருசில பாடல்கள்தான் மிஞ்சின. பாலியில் அவள் பத்தா குண்டலகேசா. தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப்போன கள்வன் கணவனைத் தள்ளிவிட்டவள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்த கதைதான் எனக்குப் பிடித்தது. சமணத்தில் சேர்ந்து தலைமயிரைப் பறித்துக்கொள்கிறாள். வளரும்போது அது சுருள் சுருளாக வளர்வதால் அந்தப் பெயர். ஊர் ஊராகப் போய், ஊர்வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டுவைப்பாள். வாதத்துக்கு வருகிறவர் அதை மிதிக்கலாம். யாரும் வராமல் கிளை வாடினால் புதுக் கிளையோடு அடுத்த ஊர். வேடம் கிடையாது, மந்திரம் கிடையாது. கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்திரரிடம் தோற்கிறாள். அவர் கேட்ட "ஒன்று என்பது எது?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. புத்தரிடம் போகிறாள். பிக்குணிகளின் பாடல்களான தேரிகாதையில் அவளே சொல்கிறாள்: "வா பத்தா" என்றார், அதுவே என் உபசம்பதை (முழுத் துறவேற்பு). அதன் பிறகு 50 ஆண்டுகள் அங்கம், மகதம், காசி, கோசலம், வஜ்ஜி என்று நடந்து நாட்டாரின் சோற்றைக் கடன்படாமல் உண்டேன் என்கிறாள். கடன்படாமல் என்ற சொல்லில் ஒரு மிடுக்கு இருக்கிறது. (தமிழில் அவளுக்கு நேர்ந்தது வேறு. சமணரின் நீலகேசி எழுந்து வந்து வாதச்சருக்கத்தில் அவளைத் தோற்கடித்தது. வென்ற நூல் தப்பிப் பிழைத்தது, தோற்ற நூல் அழிந்தது.)

"வா பத்தா." இரண்டே சொல். அதிலிருந்து அனுராதபுரத்து முற்றம் வரை எப்படி வந்து சேர்ந்தோம்?

லேடி டாக்டர் லீவு

வழக்கமாகச் சொல்லப்படும் விடை கௌதமிக்கு விதித்த எட்டு நிபந்தனைகள். புத்தரின் சிற்றன்னை, வீங்கிய கால்களோடும் புழுதி படிந்த உடலோடும் வேசாலி வாசலில் அழுது நின்றது, சீடர் ஆனந்தர் பேசிப் பெண்களுக்குத் துறவைப் பெற்றுத் தந்தது, நூறு வருடம் துறவில் இருந்த பிக்குணியும் இன்றைக்குத் துறவு பூண்ட பிக்குவை எழுந்து வணங்கவேண்டும் என்ற முதல் நிபந்தனை, இவையெல்லாம் பலரும் எழுதியதுதான். அந்த எட்டும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்ணுக்கே இரு சங்கத்திலும் உபசம்பதை என்கிறது ஆறாவது. முதல் பெண்ணுக்கு முன்னால் பயிற்சி பெற்றவள் ஏது, பிக்குணி சங்கம்தான் ஏது? நல்ல கேள்வி. ஆனால் மேணியோவைத் தடுத்தது வணங்கும் விதியில்லை. இரு சங்கம் என்ற அந்தப் பகுதிதான். பிக்குணியாக வேண்டுமென்றால் முதலில் பிக்குணி சங்கம் உபசம்பதை கொடுக்கவேண்டும், அப்புறம் பிக்கு சங்கம். பிக்குணிகள் ஒரு நாட்டில் அற்றுப்போனால்? கொடுக்க ஆளில்லை. ஆளில்லாததால் புதிய ஆள் வரமுடியாது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இந்த இரட்டை ஏற்பாடு ஏன் வந்தது என்று தேடப்போய்த்தான் நான் சுருண்டு உட்கார்ந்தேன். துறவிகளின் விதிநூலான வினயத்தில், சுல்லவக்கம் என்ற பகுதியில் இருக்கிறது. முதலில் புத்தர் சொல்வது: பிக்குகளே, பிக்குணிகளுக்கு நீங்கள் உபசம்பதை கொடுக்கலாம். அப்படித்தான் நடந்தது. துறவு பூணுமுன் தகுதிக் கேள்விகள் கேட்கவேண்டும்: தொழுநோய் உண்டா, இன்ன நோய் உண்டா. பெண்களிடம் இவற்றோடு மாதவிடாய், பெண்ணுடல் பற்றியும் கேட்கவேண்டும். ஆண்கள் கூடிய சபையில் ஆண்கள் கேட்டார்கள். பெண்கள் வெட்கிக் குறுகிப் பதில் சொல்ல முடியாமல் நின்றார்கள். விஷயம் புத்தரிடம் போனது. அப்படியானால் பிக்குணிகள் தங்களுக்குள் கேட்டுத் தெளிந்து உபசம்பதை கொடுக்கட்டும், அதன் பிறகு பிக்குகளிடம் வரட்டும் என்றார்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. முதல் வேலைக்கு உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தோம். பதினோரு ஆண்கள், ஐந்து பெண்கள், ஒரே கூடம், ஒரே வரிசை. மேசையில் ஒரு ஆண் மருத்துவர், பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு குமாஸ்தா. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கடைசியாக எப்போது தூரமானது, ஒழுங்காக வருகிறதா என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அந்தப் பெண் குனிந்த தலையை எடுக்கவில்லை. குமாஸ்தா பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். எங்களில் மூத்தவர் ஒருவர்தான் குரல் கொடுத்தார்: "பொம்பளைங்கள லேடி டாக்டர்தான் சார் பாக்கணும்." மருத்துவர் கோபிக்கவில்லை. நியாயம்தான் என்றே சொன்னார். எங்களுக்கு உயிர் வந்தது. அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் குமாஸ்தா சொன்னார்: "லேடி டாக்டர் லீவு. புதன்கிழமை வாங்க."

ஆண்கள் அன்று மாலையே சான்றிதழோடு போய்ச் சனிக்கிழமை வேலையில் சேர்ந்தார்கள். நாங்கள் சேர்ந்தது அடுத்த வியாழன். நான் சேர்ந்த இடத்தில் பணிமூப்பு சேர்ந்த தேதியை வைத்துத்தான். தேர்வில் நான் மூன்றாவதாக வந்தவள், பட்டியலில் பன்னிரண்டாவது. யார்மேல் குறை சொல்ல? கேட்டது நாங்கள். கேட்டது நியாயம். கொடுத்ததும் நியாயம். லீவில் போன டாக்டரம்மாவும் ஏதோ வீட்டு வேலையாகத்தான் போயிருப்பார்.

வினயத்தில் நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்களின் கூச்சத்தை மதித்து ஒரு திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருந்த வரையில் அது திரை. அவர்கள் போனபின் சுவர். எட்டு நிபந்தனைகளைப் பற்றி ஆத்திரப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இதைப் பற்றி ஆத்திரப்படத் தெரியவில்லை. அதனால்தான் இது அதிகமாக உறுத்துகிறது.

யாருக்காகக் கப்பல் போனது

இந்தத் திரை இலங்கையில் முதல் நாளிலிருந்தே இருந்தது. அசோகனின் மகன் மகிந்தர் வந்து தருமம் சொன்னபோது அரச குடும்பத்துப் பெண் அனுலா துறவு கேட்டாள். பெண்ணுக்குத் துறவு கொடுக்க எனக்கு முறையில்லை, என் தங்கையை அழையுங்கள் என்றார் மகிந்தர். அப்படித்தான் சங்கமித்தை வந்தார். யாழ்ப்பாணக் கரையில் ஜம்புகோளத்தில் இறங்கியதாக வம்ச நூல்கள் சொல்கின்றன. மரத்தைத்தான் நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம். அவர் வந்தது உபசம்பதை கொடுக்க வேண்டிய பிக்குணிகளின் எண்ணிக்கைக்காக.

எண்ணிக்கைக்காகக் கப்பல் ஏறியவர்கள் இன்னும் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் சீனத்தில் பிக்குணிகள் இருந்தார்கள், ஆனால் பிக்குகள் மட்டும் கொடுத்த துறவு. நம்முடையது செல்லுமா என்று ஹுய்குவோ என்ற சீனப் பிக்குணி, அங்கே போயிருந்த இந்தியப் பிக்கு குணவர்மனிடம் கேட்டிருக்கிறார். செல்லும், கௌதமிக்கு முன் பிக்குணி சங்கம் இருந்ததா என்ன என்பது அவர் பதிலின் சாரம். இருந்தாலும் மனம் ஆறவில்லை போலும். நந்தி என்ற கப்பல்காரர் இலங்கையிலிருந்து முதலில் சில பிக்குணிகளையும், 433இல் தேவசாரா தலைமையில் மேலும் பதினொரு பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். 300க்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் நான்ஜிங்கில் மறுபடி உபசம்பதை பெற்றார்கள். இலங்கைப் பெண்களின் இழை சீனத்தில் போய்ப் பின்னிக்கொண்டது.

அப்புறம் நம்மவர்கள் வருகிறார்கள். 993இல் ராஜராஜன் படை அனுராதபுரத்தைப் பிடித்தது. 1017இல் ராஜேந்திரன் காலத்தில் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். இதே ராஜராஜன்தான் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தவன். பௌத்தத்தின்மேல் பகை என்று சொல்லமுடியாது. போர் என்றால் மடங்களும் அதில் போகும், அவ்வளவுதான். அந்தக் காலத்துக்குப் பிறகு இலங்கையில் பிக்குணி சங்கத்தின் தடயம் மறைந்துவிடுகிறது. பெரிய கோயில் நிழலில் உட்கார்ந்து நாம் பெருமைப்படும்போது இதையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் பழியை முழுக்கச் சோழர்மேல் போட்டுத் தப்பிக்க முடியாது. பிக்குகளின் பரம்பரையும் அதே அடியில்தான் அறுந்தது. 1070இல் சோழரை விரட்டிய முதலாம் விஜயபாகுவுக்கு உபசம்பதைச் சடங்குக்கு வேண்டிய எண்ணிக்கையில் பிக்குகள் கிடைக்கவில்லை. உடனே பர்மாவுக்கு ஆள் போனது, பிக்குகள் வந்தார்கள். பிற்காலத்தில் மறுபடி அறுந்தபோது அரக்கானிலிருந்து. இன்னொரு முறை அறுந்தபோது, 1753இல், சயாமிலிருந்து உபாலி தேரர். அழைத்தவன் கண்டியின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், நாயக்கர் வம்சத்தான். ஆண்களுக்கு இழை அறுந்த ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தாவது கப்பல் வந்தது. பெண்களுக்கு 900 வருடத்துக்கு மேல் ஒரு கப்பலும் போகவில்லை. விதி தடுத்தது என்பது பிறகு சொன்ன காரணம். அதற்கு முன்னால், போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போனது 1996இல். சாரநாத்தில் கொரியப் பிக்குணிகளின் உதவியோடு பத்து இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றார்கள். முதலில் நின்றவர் குசுமா. கல்லூரியில் பாடம் சொன்னவர், ஆறு பிள்ளைகளின் தாய். 1998இல் புத்தகயாவில் தைவானிய மடத்தின் ஏற்பாட்டில் இன்னும் பலர். சீனத்துக்குப் போன இழையின் நுனியைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள் என்று சொல்லலாம். அது வேறு மரபு, செல்லாது என்பவர்களுக்காக, இலங்கையின் சொந்த மரபான தேரவாதத்துப் பிக்குகளும் தனியே அவர்களுக்கு உபசம்பதை கொடுத்தார்கள். எந்த ஆதாரத்தில்? பிக்குகளே, நீங்கள் கொடுக்கலாம் என்ற அந்தப் பழைய அனுமதியில். அதைப் புத்தர் எங்கும் திரும்பப் பெறவில்லை என்பது அவர்கள் வாதம். திரை கட்டுவதற்கு முந்தைய வரி, அதே பக்கத்தில் சும்மா கிடந்திருக்கிறது. அதே வருடம் தம்புள்ளையில் இலங்கை மண்ணிலேயே நடந்தது. நிக்காயங்கள் எனப்படும் பெரிய பிக்குப் பிரிவுகளின் தலைமைகள் இதை ஏற்கவில்லை. தாய்லாந்தில் 1928இல் பிக்குகளின் தலைவரான சங்கராஜா போட்ட தடையை மீறமுடியாமல் அங்கிருந்து பெண்கள் இலங்கைக்கு வந்துதான் துறவு வாங்கிப் போகிறார்கள்.

அந்த மேணியோவிடம் இதெல்லாம் தெரியுமா, பிக்குணி ஆக ஆசையில்லையா என்று ஓட்டுநர் மூலம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். ஓட்டுநர் சுருக்கினார்: "இப்ப தன்ர விருப்பத்துக்கு இருக்கிறாவாம். அங்க போனா எட்டு விதியும் வருமாம்." இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே நிற்பவர் உள்ளே வரத்தான் துடிக்கிறார் என்று நானாக முடிவு கட்டி, அவருக்காகப் பல மாதம் வருத்தப்படத் தயாராக இருந்தேன். பார்த்த மாத்திரத்தில் வெந்துவிட்டது என்று நினைத்தது நான்தான்.

கௌதமியின் கதையில் எட்டு நிபந்தனைகளை அவர் பூமாலையைத் தலையில் ஏற்பதுபோல ஏற்றார் என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த சில பக்கங்களில் அவர் ஆனந்தரிடம் திரும்பி வருகிறார். ஒரு வரம் வேண்டும் என்கிறார். வணக்கம் ஆண், பெண் பார்க்காமல் துறவில் மூத்தவர் யார் என்று பார்த்து நடக்கட்டும். ஆனந்தர் போய்க் கேட்கிறார். கிடைக்கவில்லை. நானும் ஒருமுறை பணிமூப்பு பற்றி விண்ணப்பம் எழுதினேன், சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து. விதிகளில் இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தட்டச்சு செய்த அந்த நகல் இப்போதும் என் கோப்பில் இருக்கிறது. கூடத்தில் குரல் கொடுத்த அக்கா போன வருடம் ஓய்வு பெற்றார். பட்டியலில் கடைசிவரை அவர் பதினான்காவது.